வாலாட்டி வந்த தேதி



புரட்டாசி பிறந்தால் போதும், "பறவை பார்க்க எங்கே போகலாம்?" என்று கேட்டுக் கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். வேடந்தாங்கலா கோடியக்கரையா, பரத்பூர்வரை போய்வர எத்தனை நாள் லீவு போடவேண்டும், எந்த லென்ஸ் வாங்கினால் காசுக்கு மோசமில்லை என்று விதவிதமான கேள்விகள். எல்லோருக்கும் சேர்த்து இந்தப் பக்கத்திலேயே பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு குளமோ வாய்க்காலோ கரட்டுமேடோ, கட்டடம் எழும்பாத மனையோ இருந்தால் முதலில் அங்கே போங்கள். அடுத்த வாரமும் அங்கேயே போங்கள். அடுத்த வருஷமும் அங்கேயே.

இந்தப் பத்திரிகை சென்னையில் அச்சேறினாலும் நான் குடியிருப்பது புனேயில் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். இங்கே என் பேட்டை என்று நான் உரிமை கொண்டாடுவது இரண்டே இடங்களைத்தான். ஒன்று, ஊரின் மேற்குப் பக்கத்தில் இருக்கும் வேதாள் டேக்டி. டேக்டி என்றால் குன்று. கடல்மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டர். நகரின் உயரமான இடங்களில் ஒன்று. இன்னொன்று பாஷாண் ஏரி. சோலாப்பூர் சாலையில் 100 கிலோமீட்டர் தள்ளி, உஜனி அணையின் தேங்குநீரில் இருக்கும் பிக்வானுக்கும் நான் போவதுண்டு. பூநாரைக் கூட்டத்தை யாருக்குத்தான் பிடிக்காது? திபெத்திலிருந்தும் மங்கோலியாவிலிருந்தும் இமயத்தைத் தாண்டி வருகிற வரித்தலை வாத்துகள் அங்கே கூட்டமாக இறங்குகின்றன. கருவி பொருத்தி ஆராய்ந்தபோது அவற்றில் ஒன்று 7,290 மீட்டர் உயரத்தில் பறந்தது பதிவானது. அதே வாத்துகள் நம் திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளத்துக்கும் வருகின்றன. பார்க்கப் பார்க்க அலுக்காத காட்சிதான். ஆனால் பிக்வானில் எது எப்போது வந்தது, போன வருஷத்தைவிட முந்தியா பிந்தியா, எது வராமல் போயிற்று என்று என்னால் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. டேக்டியைப் பற்றிச் சொல்ல முடியும்.

அக்டோபர் முதல் வாரத்து ஞாயிறு ஒன்றைச் சொல்கிறேன். மழை ஏறக்குறைய விடைபெற்றுக்கொண்டிருக்கும் நேரம். "அக்டோபர் ஹீட்" என்று புனேக்காரர்கள் அலுத்துக்கொள்கிற வெயில் இன்னும் சில நாளில் ஆரம்பித்துவிடும். அதற்கு முந்தைய இந்த விடிகாலைகள் ஈரமும் குளிர்ச்சியுமாக இருக்கும். புல் இடுப்பளவு வளர்ந்து, நுனி மட்டும் காயத் தொடங்கியிருக்கும். சரிவெங்கும் ஆவாரை பூத்திருக்கும். ஆம், நம் ஊர்க் கரடுகளில் பூக்கிற அதே ஆவாரைதான். இங்கே தர்வட் என்கிறார்கள். ஆறரை மணிக்குச் சூரியன் தலைகாட்டுவதற்குள் உச்சியில் இருக்கும் வேதாளர் கோயிலைச் சுற்றி நடப்பவர்களும் ஓடுபவர்களும் நிறைந்துவிடுவார்கள். கௌதாரிகளின் கூச்சல் ஒரு பக்கம், மயில் அகவல் ஒரு பக்கம்.

குன்றின் மேலே ஒரு காலத்தில் கல் உடைத்த குவாரி ஒன்று உண்டு. பள்ளத்தில் மழைநீர் தேங்கி நிற்கும். என் முதல் நிறுத்தம் எப்போதும் அதுதான். ஈரப்பாறையின் விளிம்பில் ஒற்றையாக நின்றுகொண்டிருந்தது சாம்பல் வாலாட்டி. முதுகு சாம்பல், வயிறு மஞ்சள், வாலடி இன்னும் அடர்ந்த மஞ்சள். உடம்பைவிட வால் நீளமோ என்று தோன்றும். கால் நின்றாலும் வால் நிற்காது. உடலைத் தாழ்த்திக்கொண்டு நாலடி ஓடும், நிற்கும், பாறை இடுக்கில் எதையோ கொத்தும். திடீரென்று பக்கவாட்டில் ஒரு துள்ளல். ஆகாயத்தில் இருந்த பூச்சி காணாமல் போகும், மஞ்சள் மட்டும் ஒரு கணம் பளிச்சிடும். யாராவது கிட்டே வந்தால் "சிட்-சிட்" என்று இரட்டைக் குரல் கொடுத்து, அலையலையாக ஏறி இறங்கிப் பறந்து எதிர்க்கரையில் போய் உட்கார்ந்துகொள்ளும். இமயத்திலும் அதற்கு வடக்கே மத்திய ஆசிய மலைகளிலும் ஓடைக்கரையில் கூடு கட்டுகிற பறவை இது. ஆகஸ்ட் கடைசியிலிருந்தே தெற்கே இறங்கத் தொடங்கிவிடும். வலசைப் பறவைகளில் முதல் வரிசையில் வருவது இதுதான். வந்தால் ஏப்ரல்வரை இருக்கும். தான் குளிர்காலத்தைக் கழித்த அதே இடத்துக்கு மறு வருஷமும் திரும்பி வருகிற குணம் வாலாட்டிகளுக்கு உண்டு என்பது வளையமிட்டுச் செய்த ஆய்வுகளில் தெரிந்த விஷயம்.

டேக்டியில் தினமும் நடக்கிற பெரியவர் ஒருவர் உண்டு. நான் காகா என்பேன். அவர் என்னை, இங்கே தென்னாட்டுக்காரர்கள் எல்லோரையும் அழைக்கிற மாதிரி, அண்ணா என்பார். பைனாகுலர் வைத்துக்கொள்ளாத மனிதர். என் பக்கத்தில் வந்து நின்று, வாலாட்டியைக் கைத்தடியால் சுட்டிக்காட்டி, "கணபதி கேலே கீ தோபி யேதோச், அண்ணா" என்றார். பிள்ளையாரைக் கரைத்துவிட்டு வந்தால் வாலாட்டி வந்து நிற்கும் என்று அர்த்தம். இங்கே வாலாட்டிக்கு தோபி என்று பெயர்.

பல வருஷம் கண்ணால் பார்த்து வைத்த கணக்கு அது. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் பிள்ளையார் போகிற தேதி நிலவைப் பொறுத்தது. 2023இல் விசர்ஜனம் செப்டம்பர் 28, அடுத்த வருஷம் 17, அதற்கடுத்த வருஷம் 6. மூன்று வருஷத்தில் மூன்று வாரம் முன்னுக்கு வந்துவிட்டது. வாலாட்டிக்கு நிலவு ஒரு பொருட்டில்லை. மலை ஓடையில் பகல்பொழுது குறுகக் குறுக அதன் உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது. தீராப் பசியோடு தின்று கொழுப்பைச் சேர்க்கிறது. இரவில் இருப்புக்கொள்ளாமல் தவிக்கிறது. ஒரு நாள் கிளம்பிவிடுகிறது. அங்கே கோடை நீண்டாலும் குறைந்தாலும் கிளம்பும் நாள் சற்றே நகரலாம். இங்கே வந்து சேரும் நாளும் அப்படித்தான். அந்த நகர்வைப் பண்டிகையை வைத்துப் பிடிக்க முடியாது. தேதியை வைத்துத்தான் பிடிக்க முடியும். காகாவிடம் இதையெல்லாம் என் மராத்தியில் ஒருவாறு சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மக லிஹூன் டேவா" என்றார். அப்படியானால் எழுதி வையுங்கள்.

அதைத்தான் செய்துவருகிறேன். உங்களையும் செய்யச் சொல்கிறேன்.

குவாரியிலிருந்து இறங்குகிற பாதையில் ஆவாரைப் புதர் ஒன்றுக்குள் "டக்... டக்" என்று சத்தம். இரண்டு கூழாங்கல்லைத் தட்டினாற்போல. நின்றேன். சத்தம் இடம் மாறியது, இலை அசைந்தது, பறவை தெரியவில்லை. இந்தப் பறவையைப் பார்க்க வேண்டுமானால் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. வெகுநேரம் கழித்து ஒரு கிளைக்கும் இன்னொரு கிளைக்கும் நடுவே மெலிந்த பழுப்பு உருவம் ஒன்று வெளிப்பட்டது. வெளிறிய அடிப்பக்கம், கண்ணுக்கு மேலே மங்கலான ஒரு கோடு, நீண்ட அலகு. அவ்வளவுதான் அலங்காரம். பிளித் நாணல் கதிர்க்குருவி. எடை பத்துப் பன்னிரண்டு கிராம் இருந்தால் அதிகம். இது கூடு கட்டுகிற நிலம் பின்லாந்திலும் பால்டிக் நாடுகளிலும் தொடங்கி ரஷ்யா வழியாக மத்திய ஆசியாவரை நீள்கிறது. ஐரோப்பாவின் சின்னப் பறவைகளில் பெரும்பாலானவை குளிருக்கு ஆப்பிரிக்காவை நோக்கித் தென்மேற்கே போகும்போது, இது தென்கிழக்கே திரும்பி இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிறது. பின்லாந்துக் காட்டோரத்தில் ஜூன் மாதம் முட்டை பொரித்து வந்த குஞ்சு, தாய் தகப்பன் வழிகாட்டாமல் தனியாகவே பறந்து, அக்டோபரில் புனேயின் ஆவாரைப் புதருக்குள் புழு தேடுகிறது. எழுதும்போதே எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

சின்னப் பறவைகளில் பெரும்பாலானவை இரவில்தான் வலசை போகின்றன. இரவில் காற்று குளிர்ந்து நிதானமாக இருக்கும். பறக்கும் உடம்பு சூடேறாது. வல்லூறுகளின் தொல்லை குறைவு. பகல் முழுக்க இரை தேட மிச்சமிருக்கும். விண்மீன்களையும் பூமியின் காந்தப்புலத்தையும் வைத்துத் திசை பிடிக்கின்றன. விடிகிற நேரத்தில் கீழே தெரிகிற பச்சையில் இறங்குகின்றன. அதனால்தான் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் ஒரே புதர் இன்றைக்கு ஒரு மாதிரி, நாளைக்கு ஒரு மாதிரி. நேற்று மாலை வெறுமையாக இருந்த வேலியில் காலையில் இலைக்கதிர்க்குருவிகள் கிறீச்சிடும். அடுத்த நாள் போனால் அவை இருக்காது. தங்க வந்தவை சில, இளைப்பாறிவிட்டுத் தெற்கே போகிறவை சில. இதைத் தெரிந்துகொள்ள, முந்தின நாள் அந்தப் புதர் எப்படி இருந்தது என்று பார்த்திருக்க வேண்டும். தூரதேசத்துச் சரணாலயத்தில் ஒரு நாள் சுற்றுகிறவருக்கு இது கிட்டாது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பத்துக் கிராம் பறவைக்கு வேண்டியது புதர். உயரமான மரம் அல்ல, புல்தரை போட்ட பூங்கா அல்ல, புதர். புனேயின் டேக்டிகளில் பல காலமாகப் பசுமையாக்கம் என்ற பெயரில் கிளிரிசிடியா மரங்களை நட்டு நிரப்பியிருக்கிறார்கள். நம் ஊரில் சீமை அகத்தி என்கிறார்களே, அதுதான். சீக்கிரம் வளரும், தூரத்திலிருந்து பார்த்தால் பச்சையாகத் தெரியும். ஆனால் அதன் கீழே நம் புல்லும் பூண்டும் எளிதில் தலையெடுப்பதில்லை. அந்த மரங்களுக்கிடையே நடக்கும்போது ஏற்படுகிற அமைதி நல்ல அமைதி இல்லை. பூச்சி இல்லை, அதனால் பறவை இல்லை. மண் மேட்டையும் முள் புதரையும் கண்டால் தரிசு என்று முடிவுகட்டி, ஒன்று மரம் நடுகிறோம், இல்லாவிட்டால் சுத்தம் செய்கிறோம் என்று மழித்துவிடுகிறோம். உங்கள் தெருக்கோடியில் அப்படி ஒரு புதர்க்காடு இருந்து, யாராவது அரிவாளோடு வந்தால், தயவுசெய்து போய்ப் பேசுங்கள். இந்த மாதங்களில் அது ஓர் அன்னசத்திரம்.

பாஷாண் ஏரிக்குப் போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிட்டது. ராம்நதி என்கிற சின்ன ஆறு இதில் வந்து விழுகிறது. வழியில் குடியிருப்புகளின் கழிவையும் வாங்கிக்கொண்டுதான் வருகிறது. கழிவிலிருக்கும் சத்தைத் தின்று ஆகாயத்தாமரை படர்ந்து, ஏரியின் பெரும்பகுதி வருஷத்தில் பல மாதம் பச்சைப் பாயாகக் கிடக்கும். தாழைக்கோழிகளுக்குக் கொண்டாட்டம். நாமக்கோழிகளும் முக்குளிப்பான்களும் மிஞ்சிய திறந்த நீரில் ஒதுங்கியிருந்தன. வாத்துகளுக்குத் திறந்த நீர் வேண்டும்; உள்ளான்களுக்குச் சேற்று விளிம்பு வேண்டும். இரண்டும் சுருங்கச் சுருங்க அவை வருவதும் சுருங்கிவிட்டதாக இங்கே நெடுங்காலம் பறவை பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அன்றைக்குக் கரையோரச் சேற்றில் பொரி உள்ளான்கள் இரண்டு, பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டே ஓடும் சாதா உள்ளான் ஒன்று. தலைக்கு மேலே தகைவிலான்கள் வளைந்து வளைந்து பூச்சி பிடித்தன. மின்கம்பிக்கு வந்து உட்கார்ந்தபோது அவற்றில் பாதி இளம் பறவைகள் என்று தெரிந்தது. வால் நுனியில் கம்பிகள் இன்னும் நீளவில்லை. ஒரு சேற்றுப் பூனைப்பருந்து கோரைக்கு மேலே தாழப் பறந்து ஏரியையே கலக்கிவிட்டுப் போனது.

மஞ்சள் வாலாட்டிகள் அன்று இல்லை, இனிமேல்தான் வரும். அவற்றைப் பற்றி ஒரு செய்தி சொல்லாமல் இருக்க முடியவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவ அதிகாரியான வில்லியம் ஹென்றி சைக்ஸ் 1824இல் பம்பாய் அரசுக்குப் புள்ளிவிவரம் திரட்டும் பொறுப்பேற்று, தக்காணம் முழுக்கச் சுற்றினார். மக்கள்தொகை, விளைச்சல், விலைவாசியோடு பறவைகளையும் குறித்துக்கொண்டார். 1832இல் லண்டன் விலங்கியல் சங்கத்தின் வெளியீட்டில் தக்காணப் பறவைகளின் பட்டியலைத் தந்தார். அதில் மஞ்சள் வாலாட்டியின் ஒரு வகைக்கு அவர் வைத்த பெயர் பீமா. தலை வெளிர்நீலமாக இருக்கும் அந்தப் பறவை கூடு கட்டுவது ரஷ்யாவின், கசகஸ்தானின் புல்வெளிகளில். ஆனால் உலகம் முழுக்க அறிவியல் நூல்களில் இன்றைக்கும் அது பண்டரிபுரத்து ஆற்றின் பெயரைத்தான் சுமக்கிறது. புனேயின் முளாவும் முட்டாவும் ஒன்றுசேர்ந்து ஓடி, கடைசியில் கலப்பது அந்த பீமா நதியில்தான்.

அந்த ஆற்றைப் பற்றியும் எழுதியாக வேண்டும். நகரத்தைத் தாண்டி, லோணி காள்போர் பக்கம் கவடி என்ற இடத்தில் ஆற்றின் குறுக்கே பழைய தடுப்பணை ஒன்று இருக்கிறது. குளிர்காலத்தில் செந்நிற வாத்துகள், நாரைகள், உள்ளான்கள், வாலாட்டிகள் என்று அங்கே படம் எடுப்பவர்களுக்குக் குறைவிருக்காது. படத்துக்குள் வராதது நாற்றம். மாநகரின் கழிவுநீரில் கணிசமான பங்கு சுத்திகரிக்கப்படாமலே ஆற்றில் சேர்கிறது. நெகிழிப் பைகளும் புட்டிகளும் தடுப்பணையில் வந்து குவிகின்றன. இவ்வளவு பறவை இருக்கிறதே, ஆறு நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. கழிவில் பெருகுகிற புழுவுக்கும் பூச்சிக்கும் வருகிற பறவைகள் அவை. மீனைப் பிடித்துத் தின்கிற பறவைக்கும், தெளிந்த ஓடும் நீர் வேண்டிய பறவைக்கும் அங்கே இடம் குறைவு. எத்தனை பறவை என்பதோடு எந்தப் பறவை என்றும் கேட்கவேண்டும். கேட்பதற்குப் பழைய குறிப்பு வேண்டும். பிரகாஷ் கோளே போன்றவர்கள் இந்த ஆற்றங்கரையில் நடந்து நடந்து எழுதிவைத்தார்கள். 1982இல் புனேயில் சூழலியல் சங்கத்தை நிறுவியவர் அவர். 2013இல் மறைந்தார்.

எரவாடாவுக்கு அருகே ஆற்றங்கரையில் பறவையியலாளர் சாலிம் அலியின் பெயரால் வழங்கும் பறவைப் பகுதி ஒன்று இருக்கிறது. முழுக்க நகரத்தின் நடுவில், நாணலும் சேறும் பழைய மரங்களுமாக. புனே மாநகராட்சியின் ஆற்றங்கரை மேம்பாட்டுத் திட்டம், ஆறுகளின் சுமார் 44 கிலோமீட்டர் நீளத்துக்குக் கரைகளை உயர்த்திக் கட்டி நடைபாதை அமைக்கிறது. 2022 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து 2023இல் ஊர் மக்கள் திரண்டு மரங்களைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். மாலையில் காற்று வாங்க ஒரு நடைபாதை வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் கரை என்பது கோடு அல்ல. நீரும் நிலமும் பருவத்துக்குப் பருவம் இடம் மாற்றிக்கொள்கிற அகலமான பரப்பு அது. உள்ளானும் வாலாட்டியும் நாணல் குருவியும் வாழ்வது அந்தப் பரப்பில்தான். முதலில் கழிவை நிறுத்துங்கள், கரையைக் கரையாக விடுங்கள் என்று கேட்கிறவர்கள் பக்கம் இந்தப் பத்திரிகை நிற்கிறது.

சாதாரண மனிதர்கள் எழுதிவைக்கிற தேதிகளால் என்ன ஆகிவிடப்போகிறது என்று சிலர் நினைக்கலாம். 2007இல் பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்திலிருந்து மைக்ரன்ட்வாட்ச் என்றொரு முயற்சி தொடங்கியது. கேட்டது ஒன்றே ஒன்றுதான்: உங்கள் ஊரில் இந்த வலசைப் பறவையை இந்தப் பருவத்தில் முதலில் பார்த்தது எந்தத் தேதி? சாம்பல் வாலாட்டி அந்தப் பட்டியலில் இருந்தது. பின்னாளில் இந்தப் பழக்கம் ஈபேர்டு இணையதளம் வழியாக நாடு முழுக்கப் பரவியது. 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் அனுப்பிய மூன்று கோடிப் பதிவுகளைக் கொண்டு 942 இனங்களை ஆராய்ந்தது. நீண்டகாலப் போக்கைச் சொல்லப் போதுமான தகவல் கிடைத்தது 338 இனங்களுக்குத்தான். அவற்றில் 204 குறைந்துவிட்டன. குமாஸ்தாக்களும் ஆசிரியர்களும் மாணவர்களும் இல்லத்தரசிகளும் தங்கள் பேட்டையில் எழுதிய வரிகளிலிருந்து எடுத்த எண் அது. மீதமுள்ள இனங்களுக்குப் போக்கே தெரியாமல் போனதற்குப் பழைய குறிப்புகள் போதாததும் ஒரு காரணம் என்பதை நினைத்தால்தான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

புனே டேக்டிக்கும் தமிழ்நாட்டு வாசகருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்களானால், ஆறுமணிக் குருவியைச் சொல்வேன். பச்சை முதுகு, சிறகில் நீலம், வாலடியில் சிவப்பு, கண் வழியாகக் கறுப்புப் பட்டை. இங்கே நவரங் என்கிறார்கள். மழைக்காலத்தில் கொங்கணத்திலும் சஹ்யாத்ரியின் காட்டுச் சரிவுகளிலும் கூடு கட்டிவிட்டு, மழை ஓய்ந்ததும் தெற்கே கிளம்பி உங்கள் தோட்டத்துக்கும் இலங்கைக்கும் வருகிறது. அக்டோபரில் தமிழ்நாட்டில் பல வீடுகளில் காலையில் கதவைத் திறந்தால் தாழ்வாரத்தில் சோர்ந்து உட்கார்ந்திருக்கும். இரவெல்லாம் பறந்து, விளக்கு வெளிச்சத்தில் திசை தப்பி, கண்ணாடிச் சன்னலில் மோதி விழுந்ததாகவும் இருக்கலாம். அப்படி ஒன்று உங்கள் வீட்டுக்கு வந்தால், காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் ஒரு துணியை விரித்து, அதை உள்ளே விட்டு மூடி, இருட்டாக, சத்தமில்லாத மூலையில் வையுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் புகட்ட வேண்டாம்; மூச்சுக்குழாயில் போய்விடும். சுற்றிலும் பிள்ளைகள் கூடி நின்று படம் எடுக்க வேண்டாம். பூனை இல்லாத இடமாகப் பார்த்து, தெளிந்ததும் செடிமறைவில் விட்டுவிடுங்கள். இறக்கை தொங்கினால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். வலசைக் காலத்திலாவது இரவில் மொட்டைமாடி விளக்கை அணைத்து வைத்தால் பெரிய உபகாரம். 2022ஆம் ஆண்டின் உலக வலசைப் பறவைகள் தினத்துக்கு எடுத்துக்கொண்ட பொருளே ஒளி மாசுதான்.

பறவையின் காலில் உலோக வளையம் இருந்தால் அதிலிருக்கும் எழுத்தையும் எண்ணையும் படம் பிடித்து அனுப்புங்கள். நம் கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல ஆண்டுகளாக வளையமிட்டு வருகிறார்கள். தங்களுக்குத் தகவல் சொல்லும்படி கேட்டு அந்தச் சின்ன வளையத்திலேயே பொறித்திருப்பார்கள்.

மகாராஷ்டிரத்தில் நவம்பர் 5 முதல் 12 வரை பறவை வாரம் கொண்டாடுகிறார்கள். முதல் நாள் மாருதி சித்தம்பள்ளி பிறந்த நாள். கடைசி நாள் சாலிம் அலி பிறந்த நாள். சாலிம் அலியை உங்களுக்குத் தெரியும். சித்தம்பள்ளி 1932இல் சோலாப்பூரில் பிறந்து, வனத்துறையில் வேலை பார்த்து, காட்டைப் பற்றி மராத்தியில் எழுதிக் குவித்தவர். பறவைகளின் பெயர்களைத் திரட்டி அவர் செய்த பட்சிகோசம் இங்கே பலர் வீட்டில் இருக்கிறது. 2025இல் பத்மஸ்ரீ பெற்ற சில வாரங்களில், ஜூன் மாதம் காலமானார். இந்த இதழில் அவரைப் பற்றி ஒரு கட்டுரை வருகிறது, தவறாமல் படியுங்கள்.

இனி உங்களுக்கு ஒரு வேலை. வாசகர் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு தேதிப் பட்டியல் செய்யலாம் என்றிருக்கிறோம். மலைப்பக்கத்தில் இருப்பவர்கள், நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு, வால்பாறைக்காரர்கள், சாம்பல் வாலாட்டியைக் கவனியுங்கள். சமவெளியில் இருப்பவர்களுக்குத் தகைவிலானும் பழுப்புக் கீச்சானும். வீட்டைச் சுற்றி மரமும் சருகும் இருந்தால் ஆறுமணிக் குருவி, புதர் இருந்தால் "டக்... டக்" சத்தத்துக்குக் காது கொடுங்கள். இலங்கை வாசகர்களும் கட்டாயம் சேரவேண்டும். வழியின் கடைசி நிறுத்தம் உங்கள் ஊர்தான். முதலில் பார்த்த தேதி, ஊர், இடம், எத்தனை பறவை, அவ்வளவு போதும். படம் வேண்டியதில்லை. அதோடு, அதற்கு முந்தைய வாரம் அதே இடத்துக்குப் போனீர்களா, பார்த்தீர்களா, இல்லையா என்பதையும் எழுதுங்கள். "போனேன், இல்லை" என்ற வரி இருந்தால்தான் அது வந்த தேதி. இல்லாவிட்டால் நீங்கள் போன தேதி. அஞ்சலட்டையில் எழுதினாலும் சரி. டிசம்பர் 10க்குள் வந்து சேருகிறவற்றை வடக்கிலிருந்து தெற்காக ஊர்வாரியாக அடுக்கி ஜனவரி இதழில் அச்சிடுகிறோம். புனேயின் வரியை நான் எழுதிவைத்துவிட்டேன்.

அன்புடன்,
ஆசிரியர்